கல் கிடைக்காத ஊரில் ஒரு தேவாலயம்

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் நின்று நிமிர்ந்தால் சையத் பாஷா மலை. சுத்துப்பட்டில் எங்கே தோண்டினாலும் பாறைதான். தங்கச்சி ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போனபோது பக்கத்தில் உள்ள லூபெக் என்கிற பழைய துறைமுக ஊருக்கும் போய் செங்கல்லால் கட்டிய மரியன்னை தேவாலயத்தைப் படம் எடுத்து வந்தேன். அப்பா கொத்தனார். போனை வாங்கிப் பார்த்ததும், "ஏம்ப்பா, அங்க கல்லே கெடைக்காதா?" என்றார்.

கிடைக்காது. அங்கே பூமி முழுக்கக் களிமண்ணும் மணலும்தான். பிரான்சில் கல்லில் எழும்பிய உயரமான கோயில்களைப் போலத் தங்களுக்கும் வேண்டும் என்று லூபெக் வியாபாரிகளுக்கு ஆசை, அதனால் மண்ணைச் சுட்டு, 13ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய 100 வருஷம் கட்டியிருக்கிறார்கள். நடுக்கூடத்தின் வளைவுக் கூரை மட்டும் 38.5 மீட்டர், அதாவது 126 அடி, உலகத்திலேயே உயரமான செங்கல் வளைவு அதுதான். இரட்டைக் கோபுரங்கள் 125 மீட்டர். தஞ்சை விமானம் 216 அடி என்றால் இது 410 அடி.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஒசரத்துக்குச் சாரம் கட்டி, வளைவுக்கு அடியில முட்டுக் குடுத்து, சாந்து இறுகற வரைக்கும் காத்திருக்கணுமே" என்றார். எத்தனையோ பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன், யாரும் இதைச் சொல்லவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார். உப்பும் மீனும்தான். தெற்கே உள்ள லூனபுர்க் ஊரின் உப்பு லூபெக் வழியாகக் கப்பலேறிப் போகும், இன்றைய ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள ஸ்கோனியா கடற்கரையில் பிடித்த ஹெர்ரிங் மீன் அந்த உப்பில் பதப்பட்டுத் திரும்பி வரும். ஹன்சா வணிகக் கூட்டமைப்புக்கே தலைநகர் மாதிரி இருந்த ஊர் அது. பிஷப்புடைய பேராலயம் ஊரின் தென்கோடியில் தனியாக இருக்க, வியாபாரிகள் தங்கள் கோயிலைச் சந்தைக்குப் பக்கத்திலேயே, அதைவிட உயரமாகக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு இந்த வீம்பு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியாக அந்த மணிகள் படம் வந்தது. 1942 மார்ச்சில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ராத்திரி பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் தேவாலயம் எரிந்து, தெற்குக் கோபுரத்தின் மணிகள் கீழே விழுந்தன. கோயிலைத் திரும்பக் கட்டியவர்கள் அவற்றை மட்டும் எடுக்கவில்லை. ஒரு மணியின் விளிம்பு பிளந்து, தரையில் புதைந்து, சுற்றிலும் பெயர்ந்த கல் அப்படியே கிடக்கிறது. நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன், கண் கலங்கிவிட்டது.

அப்பா அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு மறுபடி சுவர்ப் படத்துக்குப் போனார். இரண்டு விரலால் பெரிதாக்கி, செங்கல்லுக்கு நடுவில் சாந்து ஓடும் கோட்டை நகத்தால் தொட்டுக்கொண்டே போனார். "நம்ம செங்கல்லவிட நீளம். ஆனா கோடு எங்கயும் கோணல் இல்ல பாரு. இத என் போனுக்கு அனுப்பு, நாளைக்கு வேலைக்கு வர்ற பசங்ககிட்ட காட்டணும்."