சட்டைப் பையில ஒரு அட்டை டிக்கெட்

போன மாசம் ஆபீஸ் டீமோட ஒரு எஸ்கேப் ரூம் போயிருந்தோம், ஒரு ரூமுக்குள்ள போய் புதிரெல்லாம் அவுத்து நேரத்துக்குள்ள முடிக்கற விளையாட்டு. கதைய வெளிய சொல்லக்கூடாதுன்னு அங்க கேட்டுக்கிட்டாங்க, ஆனா இப்ப அந்த ரூமையே எடுத்துட்டு வேற செட் போட்டுட்டாங்களாம், அதனால தாராளமா சொல்றேன். முதல்லயே சொல்லிடறேன், நாங்க தோத்துட்டோம், அதுக்கு முக்கால்வாசி காரணம் நான்தான்.

மொத்தம் அஞ்சு பேர். நான், எங்க லீட் அக்கா, டெஸ்டிங்ல இருந்து ரெண்டு பேர், அப்புறம் அட்மின் அண்ணன். டெஸ்டிங் ஆளுங்கள்ல ஒருத்தன் காலேஜ் முடிச்சு நேரா வந்த தம்பி. அண்ணனுக்கு ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம். "காசு குடுத்து யாராவது உள்ள போய் மாட்டிக்குவாங்களா"ன்னு கேட்டுக்கிட்டேதான் வந்தாரு. வீட்ல அம்மாவும் இதையேதான் கேட்டாங்க, உள்ள வச்சு பூட்டிடுவாங்களாடான்னு. நான் உள்ள போனதும் கேம் மாஸ்டர்கிட்ட, அதான் விளையாட்ட நடத்தற பையன்கிட்ட, இதான் முதல் கேள்வி கேட்டேன். போலந்துல 2019 ஜனவரியில ஒரு எஸ்கேப் ரூம்ல தீப்பிடிச்சு, உள்ள இருந்த அஞ்சு பொண்ணுங்க வெளிய வரமுடியாம செத்துப் போனாங்க, எல்லாருக்கும் 15 வயசுதான், அது மனசுல இருந்துச்சு. அந்தப் பையன் கதவு பக்கத்துல பச்சை பட்டனை காட்டி, இத அமுக்குனா எப்ப வேணாலும் திறக்கும், பூட்டு காந்தப் பூட்டு, கரண்ட் போனாலும் தானா விட்டுரும்னு சொன்னான். சரி, நிம்மதி.

இந்த விளையாட்டு ஜப்பான்ல, கியோட்டோல 2007ல ஆரம்பிச்சது, அங்க இருந்துதான் உலகம் பூரா பரவுச்சு. அறுபது நிமிஷம், பூட்டு, சாவி, நம்பர், இவ்ளோதான்னு நினைச்சு போனா ஏமாந்துருவீங்க. நாங்க போனது கதை ரூம். 1971, மழை ராத்திரி, ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன், 14ம் தேதி ராத்திரி ஸ்டேஷன் மாஸ்டர் காணாம போயிட்டாரு. உதவி மாஸ்டரோட வாக்குமூலம் சுவத்துல ஒட்டியிருக்கு, "பத்து மணிக்கு கல்லாப் பணத்தை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாரு"ன்னு. நாங்க விசாரிக்க வந்த போலீஸ். டைமர் ஓட ஆரம்பிச்சதும் நாலு பேர் பூட்டுகிட்ட ஓடிட்டோம். வாக்குமூலத்தை கடைசி வரி வரைக்கும் படிச்சது அண்ணன் ஒருத்தர்தான், கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சுக்கிட்டு மெதுவா.

ஸ்டேண்ட்ல ஒரு கறுப்பு கோட் தொங்குச்சு. நான் பையில கை விட்டேன், சின்னதா தடிப்பா ஒரு அட்டை, விசிட்டிங் கார்டுல பாதி சைஸ். மங்குன பழுப்பு கலர். ஏதோ சும்மா அலங்காரத்துக்கு வச்சதுன்னு நினைச்சு, கையில வேற டார்ச் இருந்துச்சா, சட்டைப் பையில போட்டுட்டேன். அஞ்சாவது நிமிஷம் இது. எது கிடைச்சாலும் சத்தமா சொல்லணும், ஒரே டேபிள்ல வைக்கணும்னு கேம் மாஸ்டர் வாசல்லயே சொல்லித்தான் அனுப்பினான். நானும் தலைய தலைய ஆட்டுனேன்.

மேஜை மேல ஒரு பெரிய சிவப்பு பெட்டி, அதுல மணி. விட்டு விட்டு அடிக்குது. மூணு, கொஞ்சம் கேப், ஆறு, கேப், ரெண்டு, திரும்ப மூணுன்னு சுத்திக்கிட்டே இருக்கு. தம்பி எண்ணி எண்ணி எழுதிட்டான், மூணு நம்பர் பூட்டுல 362 போட்டான், 623 போட்டான், 236ல திறந்துருச்சு, எல்லாரும் கத்துனோம். சுவத்துல ஒரு சார்ட் இருந்துச்சு, ரெண்டு மணி அடிச்சா 'லைன் கிளியரா?', மூணு அடிச்சா 'வண்டி உள்ள வருது', ஆறு அடிச்சா 'அபாயம்'. அதாவது பக்கத்து ஸ்டேஷன்காரன் வண்டி அனுப்ப லைன் காலியான்னு கேட்டிருக்கான், வண்டி கிளம்பிருச்சு, அதுக்கப்புறம் யாரோ அபாய மணி அடிச்சிருக்காங்க. பூட்டு திறந்த குஷில இந்த கதையை நாங்க யாருமே கண்டுக்கல. அண்ணன் மட்டும் "மணி அடிச்சது யாரு?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. "அத அப்புறம் பாக்கலாம்ணே"ன்னு சொன்னது நான்தான், வேற யாரு.

அதுக்கப்புறம் ஒரு இருபது நிமிஷம் ஒண்ணுமே நகரல. ஏசி வேற சரியில்ல. இரும்புப் பெட்டி ஒண்ணு அஞ்சு நம்பர் கேக்குது, எங்ககிட்ட இருக்கறது ஒரு கணக்கு ரிஜிஸ்டர் மட்டும். லீட் அக்கா அதுல இருக்கற எல்லா நம்பரையும் கூட்டிப் பாத்தாங்க, கழிச்சுப் பாத்தாங்க, ஆபீஸ்ல எக்செல் பாக்கற அதே மூஞ்சி. கடைசில டெலிபோன் அடிச்சுச்சு, கேம் மாஸ்டர்தான், ஸ்டேஷன்காரர் குரல்ல, "சார், கோட்டுப் பையைப் பாத்தீங்களா?"

எனக்கு வயித்துல கிலி. மெதுவா சட்டைப் பையில இருந்து அந்த அட்டைய எடுத்தேன். வேர்வைல ஓரம் லேசா நனைஞ்சிருந்துச்சு. தம்பி அத வாங்கிப் பாத்துட்டு "ஏதோ டோக்கன் கார்டு போலண்ணா"ன்னான். அண்ணன் ஒரே பிடுங்கு. "தம்பி, இது டிக்கெட்டுப்பா."

அவரோட அப்பா புக்கிங் கிளார்க்கா இருந்தவராம், அது எங்க யாருக்கும் தெரியாது! எட்டு வருஷமா தினம் அவர்கிட்ட கையெழுத்து வாங்கறோம். அட்டை டிக்கெட் வரிசை நம்பரோடயே அச்சாகி வரும், கீழ்ல இருந்து ஒவ்வொண்ணா உருவித்தான் குடுப்பாங்க, ஷிப்ட் முடிஞ்சா கடைசி நம்பரை எழுதி கணக்கு முடிப்பாங்கன்னு மடமடன்னு சொன்னாரு. அந்த முறையை கண்டுபிடிச்சதே இங்கிலாந்துல எட்மன்சன்னு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்தான்னு நான் பிற்பாடு படிச்சேன். ரிஜிஸ்டர்ல முடிச்ச நம்பர் 04185. டிக்கெட்ல 04186. அத வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாரு, ஓரத்துல மை இல்லாம வெறும் அழுத்தத்துல தேதி, 15. "கவுண்டர்ல மெஷின்ல விட்டு டக்குனு குத்துவாங்க, பன்னெண்டு மணி தாண்டுனாதான் தேதிய மாத்துவாங்க. பத்து மணிக்கு ஓடிப்போன ஆளு கோட்டுல பன்னெண்டுக்கு மேல குத்துன டிக்கெட் எப்படிப்பா வரும்?"

எனக்கு புல்லரிச்சுருச்சு, பொய் சொல்லல.

04186 போட்டோம், பெட்டி திறந்துச்சு. உள்ள ஒரு இரும்பு உருண்டை. இதுக்குப் பேரு டோக்கனாம், போற வண்டிக்கும் வர்ற வண்டிக்கும் ஒரே தண்டவாளம் இருக்கற ஒத்தை லைன்ல இது கையில இல்லாம அந்தக் காலத்துல டிரைவர் வண்டிய எடுக்கவே கூடாதாம், அதுவும் அண்ணன் சொன்னதுதான். அந்த உருண்டைய மூணு ஓட்டைல ஒண்ணுல போடணும். போர்ட்டர், உதவி மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர். யாரு குத்தவாளின்னு நாமதான் முடிவு பண்ணணும், தப்பா போட்டா ஒரு நிமிஷம் லாக். அண்ணன் "உதவி மாஸ்டர்"ங்கறாரு, நான் அவசரத்துல கிட்ட இருந்த ஓட்டைல, போர்ட்டர்ல போட்டுட்டேன். சிவப்பு லைட். அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அஞ்சு பேரும் டைமரையே பாத்துக்கிட்டு நின்னோம், யாரும் யார்கிட்டயும் பேசல. லாக் விட்டப்ப ஏழு செகண்ட் பாக்கி. உருண்டை கீழ விழுந்து உருண்டு மேஜைக்கு அடில போயிருச்சு.

கேம் மாஸ்டர் உள்ள வந்து மிச்சக் கதைய சொன்னான். அபாய மணி அடிச்சு வண்டிய நிறுத்துனது மாஸ்டர்தான், தண்டவாளத்துல கிடந்தத அவர் பாத்துட்டாரு, அத போட்டவன் உதவி மாஸ்டர். நாங்க தலைய குனிஞ்சுக்கிட்டு கேட்டோம். அண்ணன் மட்டும் அந்தப் பையன்கிட்ட டிக்கெட்ட நீட்டி, "எல்லாம் நல்லாருக்கு தம்பி, ஆனா செக் பண்ண டிக்கெட்னா ஓரத்துல நிப்பர் வெட்டு, அதான் செக்கர் குறடால வெட்டுற வெட்டு, இருக்கணும், இதுல இல்லையே"ன்னாரு. அவன் பதறிப்போய் நோட்ல குறிச்சுக்கிட்டான்.

வெளிய 'ஜஸ்ட் மிஸ்!'னு ஒரு போர்டு குடுத்து போட்டோ எடுத்தாங்க. அதுல நாலு பேர்தான் இருக்கோம். அஞ்சாவது ஆளு இன்னும் உள்ள மணி அடிச்சுக்கிட்டு இருந்தாரு.