ஒரு நேட்டிவிட்டி தாளுக்காகப் போன ஒரு வருஷம்

“பொறந்தது பாண்டி, படிச்சது பாண்டி, சான்று மட்டும் இங்க வேணுமா?”

2012இல், நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றுக்காகப் போன ஒரு அலுவலகத்தில் என் அப்பாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இன்று கடலூரில் இயற்கை மருத்துவராக இருக்கிறேன், நோயாளிகள் வருகிறார்கள், எல்லாம் சரிதான். ஆனால் பி.என்.ஒய்.எஸ். என்கிற இயற்கை மருத்துவ, யோகா பட்டப் படிப்பில் சேர நினைக்கிற எல்லையோரப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாட்டை அவர்கள் படக்கூடாது.

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தின் கடைசி. நாலு வயல் தாண்டினால் புதுச்சேரி. அந்த எல்லை நேராக ஓடுவதில்லை என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், பாகூர்ப் பக்கம் பஸ்ஸில் போனாலே மாநிலம் மாறி மாறி வரும். பிரசவம் என்றால் பாண்டி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்றால் நடக்கிற தூரத்தில் இருந்த பாண்டிப் பள்ளி. அங்கேயும் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான், பிளஸ் டூ மார்க் ஷீட்டிலும் தமிழ்நாடு என்றுதான் அச்சடித்திருக்கும். அதனால் நான் வேறு மாநிலத்தில் படித்தவள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

இயற்கை மருத்துவம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: அம்மாவின் ஒற்றைத் தலைவலி. வருஷக்கணக்காக மாத்திரை போட்டவருக்கு, அரசு மருத்துவமனையில் ஒரு இயற்கை மருத்துவர் சாப்பாட்டு நேரம், தூக்கம், அடிவயிற்றில் ஈர மண்ணைத் துணியில் பரப்பிப் போடும் மண் பட்டி என்று எழுதிக் கொடுத்தார். முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மாதம் எட்டு நாள் படுத்துக் கிடந்தவர் இரண்டு நாளுக்கு வந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். என் மார்க்குக்குச் சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரி கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கலந்தாய்வுக்குப் போனோம். சான்றிதழ் சரிபார்த்தவர் டி.சி.யை எடுத்தார், பள்ளியின் முகவரி இருந்த வரியில் பேனாவை வைத்தார், “நேட்டிவிட்டி எங்க?” என்றார். பள்ளிப் படிப்பை வெளி மாநிலத்தில் முடித்தவர்களுக்கு அது கட்டாயம் என்று விளக்கக் குறிப்பேட்டிலேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கோபம் அதற்கு அப்புறம் நடந்ததில். சான்று கேட்டுப் போன இடத்தில் பாண்டிக்குப் போகச் சொன்னார்கள். பாண்டியில் ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தமிழ்நாட்டுக் கார்டு, நாங்கள் எப்படித் தருவது என்றார்கள். அதுவும் நியாயம்தான். திரும்பவும் இங்கே வந்தால் நாளைக்கு வா, சார் ‘தானே’ புயல் நிவாரணப் பட்டியல் வேலையில் இருக்கிறார், திங்கட்கிழமை வா. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே எங்கள் வீட்டுக் கூரையையும் முந்திரி மரங்களையும் எடுத்துக்கொண்டு போனது, கூரையோடு டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் கூழாகிப் போயிருந்தது. “பழைய ஆதாரம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை. ஆறு தடவை போனோம். ஆறாவது தடவை போன அன்று சேர்க்கைக்கான நாள் முடிந்துவிட்டது. பஸ்ஸில் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் இன்னொரு ஆபத்து வந்தது. பாண்டியில் ஒருவர், தபால் வழியில் ஒரே வருஷம், முடித்ததும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம் என்றார். முன்பணம் கட்டக் கிளம்பிவிட்டோம். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த அந்த மருத்துவரிடம் போனில் கேட்டதால் தப்பித்தோம். “படிப்பு எந்தப் பல்கலைக்கழகம், முடிச்சா எந்த வாரியத்துல பதிவு ஆகும், இந்த ரெண்டையும் கேளும்மா” என்றார். கேட்டேன். அந்த ஆளிடம் பதில் இல்லை. நீங்களும் இதைக் கேளுங்கள், தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலரை வருஷம் படித்து, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவராக இருந்து, இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

வழி விட்டது தாத்தா பெயரில் இருந்த பட்டா. சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்தது. அத்துடன் அப்பா படித்த பள்ளிக்கே போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து டி.சி. நகல் வாங்கினோம், தலைமையாசிரியர் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டோடு போனதும் புதிதாக வந்திருந்த வி.ஏ.ஓ. வேறு எதுவும் கேட்காமல் பரிந்துரை எழுதினார், சான்றும் கைக்கு வந்தது. பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, இன்னும் ஈரம் காயாத தாள். அப்பா அதை மடிக்கவே விடவில்லை, கெடிலம் பாலம் தாண்டும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

2013இல் சேர்ந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் மூலிகைப் படிப்பா என்று கேட்பார்கள். இல்லை, முதல் வருஷமே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பிணத்தை அறுத்துத்தான் படிக்க வேண்டும். அதோடு இடுப்புக் குளியல், வாழை இலைக் குளியல், உபவாசம், யோகா. நிலத்தை ஆழமாகத் தோண்டி எடுத்த மண்ணைக் காயவைத்து, சலித்து, ராத்திரியே ஊறவைத்து, காலையில் ஈரத் துணியில் ஏறக்குறைய ஒரு அங்குல கனத்துக்குப் பரப்பக் கற்றுக்கொண்ட அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். ஐந்தரை வருஷமும் ஓடிப்போனது, பதிவும் சிக்கலில்லாமல் முடிந்தது.

இப்போது நேட்டிவிட்டிக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனாலும் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரமே போட்டுவிடுங்கள். பாண்டியில் பிறந்தவர்கள், படித்தவர்கள் பெற்றோரின் பள்ளிச் சான்றையும் பழைய பட்டாவையும் சேர்த்தே கொண்டு போங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் இப்போது ஊருக்கு வெளியே கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடும், அங்கிருந்து அரும்பாக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

போன வருஷம் சித்தப்பா பெண் கலந்தாய்வுக்குப் போனாள். அவளும் பாண்டிப் பள்ளிதான். நேட்டிவிட்டி அசலோடு மூன்று நகல் எடுத்து நானே உறையில் போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது. “அக்கா, அந்தத் தாளைத்தான் முதல்ல கேட்டாங்க.”