திரையில் டாக்டர், பக்கத்தில் நர்ஸ்

என் மகனுக்குப் பெருமூளை வாதம், அதோடு வலிப்பு. சாப்பாடு வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் போகிறது. நான் காரைக்காலிலிருந்து கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு வந்தவள். வீடு கிழக்குக் கரையில், சேந்த்-ஆந்த்ரேயில். அவனுடைய நரம்பியல் டாக்டர் இருப்பதோ தீவின் தலைநகரான சேன்-தெனியில். வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் காலை நேரத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சளி உறிஞ்சும் மெஷின், உணவு பம்ப், மாற்றுத் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு, நடுவழியில் ஓரம்கட்டிச் சளி எடுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், "மருந்தை அரை மில்லி கூட்டுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். இதற்கா இத்தனை பாடு என்று என் வீட்டுக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் வீடியோவில் பார்க்கும் வழியைத் தேடினோம்.

ரீயூனியன் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம் என்பதால் சட்டமும் காப்பீடும் பிரெஞ்சு முறைதான். 2018 செப்டம்பர் 15 முதல் வீடியோ ஆலோசனைக்கும் அரசுக் காப்பீடு பணம் தருகிறது. என் மகன் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அந்த நோய் சம்பந்தமான ஆலோசனைக்கு 100 சதவீதம் கிடைக்கும். ஆனால் வீடியோ கட்டாயம், வெறும் போன் பேச்சு கணக்கில் வராது. பெரியவர்கள் பொதுவாகத் தங்கள் குடும்ப டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த டாக்டரிடமும் போகலாம்.

இந்தச் சலுகை சளி, காய்ச்சல் வருகிற பிள்ளைக்குச் சரி. எங்களுக்கு உதவவில்லை. ஒரு செயலி வழியாக, பிரான்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். மகன் கையை வெட்டி வெட்டி இழுப்பதையும், நெஞ்சு கரகரவென்று சத்தம் போடுவதையும் பார்த்தவர் பதறிப்போய், உடனே அவசர மருத்துவ உதவி எண்ணான 15-க்குப் போன் போடச் சொல்லிவிட்டார். அது அவனுடைய சாதாரண நாள்! அவரைக் குறை சொல்லவும் முடியாது. நன்றாக இருக்கும் நாளில் அவனைப் பார்த்திராதவருக்கு எது வழக்கம், எது ஆபத்து என்று எப்படித் தெரியும்? இவனைப் போன்ற பிள்ளைக்கு, ஏற்கெனவே கையால் தொட்டுப் பார்த்த டாக்டர் திரையில் வந்தால்தான் பலன்.

அப்புறம் எங்கள் குடும்ப டாக்டரிடமே கேட்டோம். "நர்ஸ் பக்கத்தில் இருந்தால் பார்க்கிறேன்" என்றார். குழாயைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒருவர் உண்டு. நோயாளிக்கு அருகிலிருந்து வீடியோ ஆலோசனைக்கு உதவுவதற்கும் நர்ஸுக்குக் காப்பீடு தனியாகப் பணம் கொடுக்கிறது. அது தெரியாமலே இருந்தோம். அதனால் டாக்டரின் நேரத்தை அந்த அம்மா வரும் நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டோம். மொத்த அனுபவத்திலும் எங்களுக்கு உருப்படியாக அமைந்தது இதுதான். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுவார், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார், குழாயைச் சுற்றிய தோலை டாக்டர் சொல்கிற பக்கம் அமுக்கிக் காட்டுவார். எனக்கு இரண்டு கையும் மகனைப் பிடிக்கவே சரியாக இருக்கும், போனை யார் பிடிப்பது?

நரம்பியல் டாக்டர் கேட்பது வேறு. வலிப்பு அவர் கூப்பிடும் நேரம் பார்த்தா வரும்? ஆகவே வரும்போதே போனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். முகம் மட்டும் போதாது, முழு உடம்பும் தெரிய வேண்டும், போர்வையை எடுத்துவிட வேண்டும், விளக்கைப் போட வேண்டும். கண் எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கை முதலில் இழுக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். பிள்ளை துடிக்கும்போது படம் எடுப்பதா என்று மாமியார் காரைக்காலிலிருந்து போனில் திட்டினார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் ஒருவர் பிள்ளையைப் பார்ப்பது, இன்னொருவர் படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். 5 நிமிஷம் தாண்டினால் போனைக் கீழே வைத்துவிட்டு அவசர மருந்து, 15. ஒரு படத்தில் சந்தேகம் வந்து, டாக்டரே பாரிஸில் உள்ள நிபுணரிடம் கருத்துக் கேட்டார். டாக்டருக்கு டாக்டர் இப்படிக் கேட்பதற்கும் காப்பீட்டில் இடம் இருக்கிறது. பதினோரு மணி நேர விமானப் பயணம் எங்களுக்கு மிச்சம்.

2025 பிப்ரவரி 28-இல் கரான்ஸ் புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, இணையமும் இல்லை. அன்றைக்கு உதவியது டாக்டர் முன்பே அச்சடித்துக் கொடுத்திருந்த ஒரு தாள்: மருந்துகள், அளவுகள், எதற்கு எப்போது யாரைக் கூப்பிடுவது என்று. அது இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் ஒட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் வீடியோவில் முடிக்க முடியாது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது, இடுப்பு எக்ஸ்ரே, குழாய் மாற்றுவது, இதற்கெல்லாம் நேரில் போயே ஆக வேண்டும். எடையும் ஓரளவு அப்படித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு நான் தராசில் ஏறி, என் எடையைக் கழித்துச் சொல்வேன். டாக்டர் குறித்துக்கொள்வார். ஆனால் மருந்தின் அளவே கிலோ கணக்கில்தான் என்பதால், அளவை மாற்றுவதென்றால் மட்டும் சேன்-தெனிக்கு வரச் சொல்லிவிடுவார், அங்கே உள்ள தராசில் நிறுத்த.