சுந்தரர் சண்டை போட்ட ஊர்கள்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில் அனுப்பர்பாளையம் தாண்டினால் திருமுருகன்பூண்டி. அங்கிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால் அவிநாசி. கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அதில் இரண்டு ஒரே ரோட்டில், டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கின்றன. தேவாரம் பாடிய சுந்தரர் இரண்டு ஊரிலும் மனசு கலங்கி நின்றிருக்கிறார். அவர் அங்கே பேசிய பேச்சை நாம் பேசினால், 'சாமிகிட்ட இப்படியா பேசறது' என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள்.

எங்களுடையது பனியன் கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட். வாடகைக் கட்டடத்தில் கொஞ்சம் பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்று ஆனதும், நாங்கள் தைத்துக் கொடுத்துவந்த கம்பெனி, கட்டிங் ஆன பீஸோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் சரக்கும் குடோனில்தான் கிடந்தது. ஒடிசாப் பையன்கள் தீபாவளிக்கு முன்பே ரயில் ஏறிவிட்டார்கள். மெஷின் லோன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. வீட்டுக்காரியின் நகை அடகுக்குப் போனது. தூக்கம் வராத ராத்திரிகளில் என்னென்ன நினைப்பு வந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அத்தைதான் சொன்னார். "மாப்பிள்ளை, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா ஆகுமுங்களா? பூண்டிக்கும் அவிநாசிக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க."

ஒரு திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் பைக்கில் கிளம்பினேன். பூண்டியில் ரோட்டோரமெல்லாம் சிற்பக்கூடங்கள். அந்த உளிச் சத்தத்தைத் தாண்டி, மேற்கு பார்த்த திருமுருகநாதர் சன்னதிக்குப் போனேன். மனம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து தீர்த்தத்தில் குளிக்கவைத்துக் கும்பிடுவது இந்தக் கோயிலில் நெடுநாள் வழக்கம். நான் கைகால் மட்டும் கழுவிக்கொண்டேன்.

பூண்டிக் கதை எனக்குச் சின்ன வயசிலேயே பிடிக்கும். சேர அரசர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் கொண்டுகொண்டு சுந்தரர் இந்த வழியாக வருகிறார். வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். வேடராக வந்தவை சிவனுடைய பூதங்கள்தான்! தன் தோழனுக்கு இன்னொருவர் கொடுப்பதா என்று சாமிக்கே பொறுக்கவில்லையோ என்னவோ. சுந்தரர் நேராகக் கோயிலுக்குள் போய், இப்படி வழிப்பறி நடக்கிற ஊரில் 'எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுக்கிற மாதிரிதான். பறிபோன மூட்டையெல்லாம் கோயில் வாசலில் வந்து குவிந்தது என்கிறது பெரிய புராணம். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஆனால் அங்கே கேட்க வாய் வரவில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவிநாசியில் கோயிலுக்கு முன்னால் இருக்கிற தீபஸ்தம்பத்தின் அடியில், முதலை பிள்ளையைக் கக்குகிற சிற்பத்தைப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே தாமரைக்குளக் கரையில் சுந்தரருக்குத் தனிக்கோயிலும் உண்டு. ஒரே வயசுப் பையன்கள் இரண்டு பேர் குளத்துக்குக் குளிக்கப் போக, ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்து, தப்பித்து வந்தவனுக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை கேட்கிறது. எதிர்வீட்டில் அழுகை. அந்த நேரம் பார்த்து சுந்தரர் தெருவில் வருகிறார்.

அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாவும் அம்மாவும் அழுகையை அடக்கிக்கொண்டு முகம் மலர வந்து கும்பிட்டார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். எத்தனையோ முறை கேட்ட கதை, இந்த இடம் மட்டும் என் மனசில் பதிந்ததே இல்லை. நாலு தவணை கட்ட முடியாததற்கே நான் எதிர்வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தேன்.

சுந்தரர் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. விதி என்றோ, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றோ சொல்லவில்லை. குளம் எங்கே என்றுதான் கேட்டார். கரையில் நின்று பாடிய பதிகத்தின் நாலாவது பாட்டு, 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே' என்று முடிகிறது. வேண்டுதல் மாதிரியே இல்லை, சாமிக்கு வேலை ஏவுகிற மாதிரி இருக்கிறது. முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் உமிழ்ந்தது. அதுவும் இடையில் போன வருஷங்களின் வளர்த்தியோடு.

சாயங்காலப் பூஜையில் ஓதுவார் 'எற்றான் மறக்கேன்' எடுத்தார். நாலாவது பாட்டு வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, "ஏனுங் தம்பி, ஊட்டுல ஏதாச்சுமுங்களா?" என்றார்.

"தொழில் படுத்துப்போச்சுங்கம்மா."

"அட, அதுக்கேன் வாய மூடிட்டு அழுகறீங்க? உள்ள இருக்கறவருகிட்ட கேளுங்க. நல்லாக் கேளுங்க."

கேட்டேன். மந்திரம், சுலோகம் எதுவும் இல்லை. ஆர்டர் வேண்டும், நகை திரும்ப வேண்டும், பையன் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், இத்தனை பேர் பிழைப்பு கெடும்போது நீர் எதற்கு இங்கே இருக்கிறீர் என்று, பூண்டியில் வராத கேள்வியையும் சேர்த்தே கேட்டேன். சுவாமிக்கு வலப்பக்கம் இருக்கிற கருணாம்பிகை சன்னதியில் மட்டும் கொஞ்சம் தணிந்து பேசினேன், அம்மா அல்லவா.

வெளியே வந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. ஆனால் பசித்தது. ரோட்டோரக் கடையில் மூணு தோசை சாப்பிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

அந்த வாரமே, லோக்கல் பனியன் வியாபாரம் நடக்கிற காதர்பேட்டைக்குப் போனேன். எக்ஸ்போர்ட் பீஸ் தைத்த கை லோக்கல் சரக்குக்குப் போவதா என்று அதுவரை ஒரு வெட்கம் இருந்தது. பாதிக் கூலிதான், குழந்தைகள் டவுசர்தான். மூன்று மெஷின் ஓடுகிறது. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது, சாமியிடம் அந்தக் கணக்கு பாக்கி. பங்குனி உத்திரத்துக்கு அவிநாசியில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் நடக்கும். இந்தத் தடவை அத்தையும் வருகிறேன் என்கிறார். அவருக்கும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறதாம்.