திட்டு தெரிகிற மாதம்

காரையாறு அணையில் படகு ஓட்டிய ஏழு வருஷமும் என்னுடைய நாள் ஒரு போன் பேச்சில்தான் முடியும். மேலே டவர் கிடையாது. சாயங்காலம் கடைசிச் சவாரி முடித்து, செக்போஸ்ட் தாண்டி, விக்கிரமசிங்கபுரம் வந்து சேர்ந்ததும் போன் அடிக்கும். பத்தமடையிலிருந்து அப்பா. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்க மாட்டார்.

"எத்தன அடி கெடக்குடே?"

சொல்வேன். "நேத்தைக்கும் இன்னைக்கும் எவ்ளோ எறங்கியிருக்கு?" என்பார். அதையும் சொல்வேன். "சரி, வையி" என்று வைத்துவிடுவார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நெல் வயல். அணை மட்டம் தினமும் பேப்பரில் வருகிறதுதான். ஆனாலும் தண்ணீரில் கை நனைத்துவிட்டு வந்த மகன் வாயால் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நாங்கள் பேச்சில் காரையாறு என்போம். பேப்பரில் அது பாபநாசம் அணை. நிரம்பினால் 143 அடி. பக்கத்துச் சேர்வலாறு 156 அடி. மலைக்குள் சுரங்கம் வைத்து இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் முன் இங்கேதான் தங்கிப் போகிறது. இரண்டு பருவமழையையும் வாங்குகிற மலை என்பதால்தான் எங்கள் ஆறு வற்றாத ஆறு.

படகு வேலை சுருக்கமானது. அணைக்கரையில் ஆள் ஏற்றி, நீர்ப்பரப்பைக் கடந்து, பாணதீர்த்தம் அருவிக்குப் போகிற துறையில் இறக்கிவிட வேண்டும். அவர்கள் ஏறிப்போய் அருவி பார்த்துவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பொதுச் சவாரி. முழுப் படகையும் ஒரே குடும்பம் எடுத்தால் ஸ்பெஷல். பொதுச் சவாரியில் வருகிறவர்கள் அருவியை மட்டும்தான் கேட்பார்கள். ஸ்பெஷல் எடுத்தவர்களுக்கு அவசரம் இருக்காது. அவர்கள்தான் நடுத்தண்ணீரில் கை நீட்டி, "தம்பி, அது என்ன தீவு?" என்பார்கள்.

அவர்களுக்குத் தீவு. எங்களுக்குத் திட்டு. அணை கட்டி நீர் தேங்கியபோது முழுகிப்போன சிறு குன்றுகளின் தலைகள் அவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அணை நிரம்பிக் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. கண்ணாடி மாதிரி ஒரே தண்ணீர்தான். அப்புறம் மட்டம் இறங்க இறங்க, முதலில் பட்ட மரங்களின் நுனி தெரியும். பின்பு ஒரு கரும்பாறை முதுகு. மாசி பிறந்து வெயில் ஏறும்போது பாறையைச் சுற்றிச் செம்மண் சரிவு வெளியே வந்திருக்கும். பங்குனியில் அதன் மேல் பச்சைப் புல்லே முளைத்துவிடும். பின்னால் மலை நீலம், நடுவே இந்தச் சின்னப் பச்சை. பார்த்தவர்கள் யாரும் படம் எடுக்காமல் திரும்பியதில்லை.

ஒரு தமிழாசிரியர் ஒருமுறை குடும்பத்தோடு வந்தார். இதற்குப் பழைய பெயர் துருத்தி என்றும், ஆற்றிடைக்குறை என்றும் சொல்வார்கள் என்றார். எனக்குத் துருத்தி பிடித்துப்போனது. தண்ணீருக்கு மேல் அது அப்படித்தான் துருத்திக்கொண்டு நிற்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எனக்கு முன்னால் அந்தப் படகை ஓட்டிய அண்ணாச்சி. எந்த மட்டத்தில் எந்த மரக்கட்டை எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். திட்டுப் பக்கம் போனதும் எஞ்சினை அணைத்து, விசிறியைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து, மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளச் சொல்வார். "தெரியுதது கொஞ்சம்டே, தெரியாம கெடக்கதுதான் பூரா" என்பார். இன்னொருவர் அணைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் இஞ்சிக்குழியிலிருந்து வருகிற, காணி பழங்குடியைச் சேர்ந்த தாத்தா. அரிசி, சாமான் வாங்கக் கீழே வரும்போது எங்கள் படகில் ஏறுவார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. கோடு படிக்க.

நீர் இறங்குகிற அணையின் மண்கரையை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் மட்டத்திலும் சிற்றலை மண்ணை அரித்து ஒரு மெல்லிய படி வெட்டியிருக்கும். அதன் விளிம்பில் காய்ந்த நுரை, சருகுத் துணுக்கு, நத்தை ஓடு. மறுநாள் அதற்குக் கீழே இன்னொரு படி. திட்டைச் சுற்றி வளையம் வளையமாக இந்தக் கோடுகள் இறங்கிக்கொண்டே போகும். தாத்தா விரலை நீட்டிக் காட்டுவார். இரண்டு கோட்டுக்கு நடுவே நாலு விரல் இருந்தால் கீழே வயலுக்குத் தண்ணீர் தாராளமாகப் போயிருக்கிறது; ஒரு விரல்தான் என்றால் மதகை இறுக்கிவிட்டார்கள்; கோடே இல்லாமல் ஒரே இடத்தில் அலை அடித்துக் குடைந்திருந்தால் அன்றைக்கு வந்த தண்ணீரும் போன தண்ணீரும் சரிக்குச் சரி.

அன்றிலிருந்து திட்டை வெறும் அழகாக என்னால் பார்க்க முடியவில்லை. அதன் சரிவில் இல்லாத தண்ணீர் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். கீழே மின்நிலையத்தில் கரண்ட் கொடுத்துவிட்டு, ஆற்றில் இறங்கி, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளில் பிரிந்து, பிசானப் பருவ நெல்லுக்குள் நின்றுகொண்டிருக்கிறது. எங்கள் முக்கால் ஏக்கரிலும் ஒரு கை நிற்கிறது. படகில் இருப்பவர்கள் "சூப்பரா இருக்கு" என்று கைதட்டும்போது நான் மனதுக்குள் கணக்குப் போடுவேன்: கதிர் பால் பிடிக்க இன்னும் எத்தனை நாள், அதற்கு இது காணுமா?

திட்டில் ஆள் இறக்கக் கூடாது. அது புலிகள் காப்பகம். களக்காடு முண்டந்துறையில் 1988இலிருந்தே அப்படித்தான். வேலையில் சேர்ந்த அன்றே அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை மீறினேன். பங்குனி மாசம், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், ஸ்பெஷல் சவாரி. "பத்து நிமிஷம் இறக்கி விடுங்க தம்பி, ஒரு போட்டோ" என்று கெஞ்சி, இருநூறு ரூபாயைக் கையில் வைத்தார்கள். இறக்கிவிட்டேன். இறங்கியதுமே இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. காட்டில் அது எப்போதும் கத்துகிறதுதானே என்று இருந்துவிட்டேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் உள்ளங்கையைக் குவித்தபடி படகுக்கு ஓடிவந்தான்.

"அங்கிள், இந்தக் கல்லு சூடா இருக்கு."

இரண்டு முட்டைகள். மண் நிறம், மேலே கருப்புத் திட்டுத் திட்டாகப் புள்ளி. ஆட்காட்டி கூடு கட்டாது. வெறும் சரளையில் லேசாகக் குழித்து இட்டுவிடும். கல்லோடு கல்லாகக் கிடக்கும். பையன் மேல் தப்பே இல்லை. அவனையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். அவன் காட்டிய இடத்தில் இன்னும் இரண்டு முட்டைகள், கூர் முனைகள் உள்ளே பார்க்க இருந்தன. நான்கையும் முன்போலச் சேர்த்து வைத்துவிட்டு எல்லோரையும் ஏற்றிக் கிளம்பினேன். அடுத்த நாள் தூரத்திலிருந்து பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். அந்த இடத்தில் பறவை உட்காரவில்லை.

அந்த இருநூறு ரூபாயை அண்ணாச்சியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அதுக வீட்டு முத்தத்துலதான் நாம படகு ஓட்டுதோம்" என்றார். அதற்குப் பிறகு நான் திட்டுக்கு நாற்பது, ஐம்பது அடி தள்ளியே எஞ்சினை அணைத்துவிடுவேன். படகு தானாக மிதந்து சுற்றட்டும். கொஞ்சம் பேசாம இருங்க என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். சத்தம் அடங்கியதும் தண்ணீர் படகில் தட்டுவது கேட்கும். பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்கள் பாறைக்குப் பின்னாலிருந்து தலை நீட்டும். இறங்கிப் பார்த்தவர்களைவிட இப்படிப் பார்த்தவர்கள் அதிகம் பார்த்தார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

2012இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மாசியில் தெரிய வேண்டிய திட்டு தை முதல் வாரமே செம்மண் தெரிய நின்றது. போனில் மட்டம் சொல்லும்போது என் குரலே இறங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் அன்றுதான் அவர் அணைக்குள் படகில் ஏறுகிறார். லைஃப் ஜாக்கெட்டை வேட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு, முன்பலகையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் வந்தார். திட்டுப் பக்கம் எஞ்சினை அணைத்தேன். கோடுகளைக் காட்டி, தாத்தா சொன்ன கணக்கைச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழாக எண்ணினார். ஒரு விரல், ஒரு விரல், ஒரு விரல்.

"நடுவுல அந்தா அகலமா இருக்கே, அது என்னைக்குடே?"

நாளைச் சொன்னேன்.

"அன்னைக்குத்தான் நம்ம வயலுக்குத் தண்ணி வந்துது" என்றார். அப்புறம் குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். அந்தப் பிசானத்தில் பாதி நெல் பதராகப் போயிற்று. அவர் அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை.

பிறகு படகுச் சவாரி நின்றது. நான் இப்போது திருநெல்வேலி ஜங்ஷனில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். மலைக்குப் போக வந்தவர்களையும் முதலில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போய்விடுவது என் வழக்கம். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, பாறைத் திட்டின் மேல். காரையாற்றுத் திட்டு தண்ணீர் குறைந்தால் தெரியும். இது தண்ணீர் கூடினால் மறையும். வெள்ளம் வருமென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் கோயிலை மூடிக்கொண்டு போகும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடங்கும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில நாள் கழித்து மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அங்கே இறக்கினேன். மண்டபத்தூண்களில் சேறு இன்னும் முழுதாகப் போகவில்லை. தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் கோடு, ஒன்றின் கீழ் ஒன்றாக. அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒரு கோட்டில் விரல் வைத்து, "இது யாரு போட்டது மாமா?" என்றாள்.

"ஆறு போட்டது பாப்பா" என்றேன். அவள் அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் கையை நீட்டினாள். மேல் கோடு எட்டவில்லை.