3-6, 7-6 (5), 10-5: இரட்டையர் முடிவை எழுதுவது

கோலாலம்பூர்த் தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் டென்னிஸ் ஆடவர் இரட்டையருக்குப் பெரும்பாலும் ஒற்றையர் செய்தியின் வாலில் ஒரு வரிதான் கிடைக்கும். பிழை அதிகம் நுழைவதும் அந்த வரியில்தான்.

2014 செப்டம்பரில் புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கில் நடந்த மலேசியப் பொது டென்னிஸ் இறுதியாட்டத்தைப் பாருங்கள். லியாண்டர் பயஸ் - மார்சின் மட்கோவ்ஸ்கி இணை, ஜேமி மரே - ஜான் பியர்ஸ் இணையை 3-6, 7-6 (5), 10-5 என வென்றது. எண்கள் வென்றவர் பக்கமிருந்தே வரும். ஆகவே 3-6 என்பது பயஸ் இணை இழந்த செட். ‘வென்றவருக்கு எப்படி 3?’ என்று அதை 6-3 எனத் திருத்திவிடும் கை எல்லா அலுவலகத்திலும் உண்டு. அடைப்புக்குறிக்குள் உள்ள 5, செட் 6-6 ஆனதும் அதை முடிவுசெய்ய ஆடும் டைபிரேக்கில் தோற்றவர் எடுத்த புள்ளி. 5 என்றால் 7-5. 8 என்றால் 10-8, ஏனெனில் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும்.

கடைசி 10-5 ஒரு செட் அல்ல. ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) தொடர்களில் ஆளுக்கொரு செட் எடுத்தால், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். முதலில் ஒரு சர்வீஸ், பிறகு இரண்டிரண்டு, ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்க மாற்றம். சில ஸ்கோர் தளங்கள் இதை 1-0 என்று காட்டும். அதை அப்படியே இறக்கினால், மூன்றாவது செட்டில் ஒரு கேம் முடிந்ததும் எதிரணி காயத்தால் விலகியதாகத்தான் வாசகர் நினைப்பார்.

அந்த ஆட்டத்தின் கேம்களைக் கூட்டினால் தோற்றவர்களுக்கு 12, வென்றவர்களுக்கு 10! 2012 இறுதியில் அலெக்சாண்டர் பெயா - புருனோ சோரஸ் இணை 5-7, 7-5, 10-7 என வென்றபோது கேம் கணக்கு சமம். ‘அபாரமாக ஆடி வீழ்த்தினர்’ என்ற தயார் வாக்கியத்தை ஒட்டுமுன் இப்படி ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. ‘அட்வான்டேஜ்’ (40-40க்குப் பின் எடுக்கும் ஒரு புள்ளி முன்னிலை) என்ற சொல்லும் இங்கே கூடாது. 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடியும். எந்தப் பக்கம் சர்வீஸை எடுப்பது என்பதை எதிர்கொள்ளும் இணை தீர்மானிக்கும். கிராண்ட் ஸ்லாம் விதிகள் தனி. விம்பிள்டன் ஆடவர் இரட்டையரே 2023-இல்தான் ஐந்து செட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

நம் வாசகர்கள் பூப்பந்தில் ஊறியவர்கள். 2022-இல் உலக வெற்றியாளரான ஆரோன் சியா - சோ வூய் யிக் என்றால் ஒரே பெயர் மாதிரி. தரவரிசையும் இணைக்குத்தான். டென்னிஸில் ஒவ்வொருவருக்கும் தனித் தரவரிசை, துணையோ மாறிக்கொண்டே இருக்கும். இதே கோலாலம்பூர்க் கிண்ணத்தை மட்கோவ்ஸ்கி 2009-இல் பிர்ஸ்டன்பெர்க்குடன் வென்றார். எரிக் புட்டோராக் 2011-இல் ரோயருடன், 2013-இல் கிளாசனுடன். ஆகவே ‘நடப்பு வெற்றியாளர் இணை’ என்று எழுதுமுன் இரு பெயரையும் சரிபார்க்க வேண்டும். பரிசுத்தொகை இணைக்கானது, பாதியாகப் பிரியும். தரவரிசைப் புள்ளி மட்டும் இருவருக்கும் முழுதாகச் சேரும். இந்த இரண்டையும் குழப்பாத செய்தி அபூர்வம்.

‘பயஸ் வாகை சூடினார்’ என்று தலைப்பிடுவது நம்மவர் மீதுள்ள பாசம், போகட்டும். மட்கோவ்ஸ்கி முதல் வரியிலாவது வந்துவிட வேண்டும்.

வாக்ஓவர் என்றால் பந்தே ஆடப்படவில்லை, ஸ்கோர் போடக்கூடாது. பாதியில் விலகினால் நின்ற இடம் வரை ஸ்கோரைக் கொடுத்து ‘விலகல்’ என்று சேர்க்க வேண்டும், முடிந்தால் இருவரில் யாருக்குக் காயம் என்பதையும்.