தேதி போட்ட தீர்ப்பு

வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1998-ல். வேதியியல் பட்டம் இருந்தது. தோலைப் பற்றி எதுவும் தெரியாது. ஆய்வகம் என்றால் பத்துக்குப் பத்து அறை, ஒரு தராசு, ஒரு அடுப்பு, நாலைந்து பீங்கான் கிண்ணங்கள், அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு வரை அங்கே தோல் பதனிடும் கடுக்காய் மூட்டை அடுக்கியிருந்தார்களாம். மழை நாளில் சுவரிலிருந்து அந்த வாசனை வரும்.

கடுக்காயை வெளியே தள்ளி அந்த அறைக்குள் தராசைக் கொண்டுவந்தது உச்ச நீதிமன்றம். இதைச் சொன்னால் இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் நம்புவதில்லை. பாலாற்றங்கரை ஊர்களின் கிணறும் நிலமும் கெட்டுப்போனதைச் சொல்லி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை கொடுக்கிறது என்பதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை தோல் தொழிலுக்குக் கிடையாது என்றது அந்தத் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. இதெல்லாம் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது.

ஷாப்புக்குள் இதில் எது எடுபட்டது என்று என்னைக் கேட்டால், தேதி என்பேன். தண்ணீர் மாசுச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, அளவுகோல் இருந்தது, நோட்டீசும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நோட்டீசுக்குப் பதில் எழுதினால் ஆறு மாதம் ஓடும். நீதிமன்றம் 1996 நவம்பர் 30 என்று தேதி போட்டது. அதற்குள் தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும், வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். அந்த மூன்று மாதமும் முதலாளி பாய் சரியாகத் தூங்கவில்லை என்று கணக்குப்பிள்ளை சொல்லுவார்.

கழிவுநீரில் கரைந்த உப்பின் அளவு, நாங்கள் டி.டி.எஸ். என்போம், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தோல் தொழிலைக் கழுத்தில் பிடித்தது இந்த எண்தான். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு வரும். ஊறவைத்துக் கழுவினால் அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கிவிடும். பதனிடப் போடும் குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம், அழுக்கை நுண்ணுயிர் தின்னும். உப்பை எதுவும் தின்னாது. அதனால் நனைப்பதற்கு முன்னாலேயே தோலை மரச்சட்டத்தில் அடித்து உப்பை உதிர்க்கும் வேலை வந்தது. விடியற்காலையில் முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக நின்று தட்டுவார்கள். உப்பு காற்றில் பறந்து புருவத்தில் ஒட்டியிருக்கும். டில்லியில் எழுதின ஒரு தீர்ப்பு அந்தப் பெண்களின் கைவேலையாக மாறியதை நான் தினமும் பார்த்தேன்.

அளப்பது எளிது. நூறு மில்லி தண்ணீரை வடிகட்டி, எடை போட்ட கிண்ணத்தில் ஊற்றிச் சுண்ட வைத்து, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அளவு வரம்பைத் தாண்டியது. சூப்பர்வைசர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். “நாளைக்கு வாரியத்துலேர்ந்து வராங்க தம்பி, ஒரு இலக்கத்த மாத்தி எழுதிடு” என்றார். மாற்றி எழுதினேன். எனக்கு இருபத்துமூன்று வயது, வீட்டில் தங்கை கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது காரணமே தவிர, நியாயம் இல்லை.

அதே மாதம் ஒரு பெரியவர் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் பிளாஸ்டிக் கேன்.

“தம்பி, இத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா. உள்ள மெஷின் கீதுன்னாங்க. எங்க கெணத்துத் தண்ணி.”

வெளித் தண்ணீரைச் சோதிக்க அனுமதி கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரை உள்ளே கூட்டிப்போய்ச் செய்தேன். தண்ணீர் சுண்டிய பின் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியிருந்தது. நான் தடுப்பதற்குள் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இத்தத்தான் எங்க நெல்லு குடிச்சிச்சா?”

அதற்குப் பிறகு நான் எந்த இலக்கத்தையும் மாற்றவில்லை. இரண்டு வருடத்தில் அந்த வேலையை விட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாறினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

தீர்ப்பு எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதி செய்கிற பெரிய ஷாப்புகள் சுத்திகரிப்புச் செலவைத் தோல் விலையோடு சேர்த்துக்கொண்டன. நாலு டிரம் வைத்துக் கூலிக்குப் பதனிட்டவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். அங்கே வேலை செய்தவர்களில் சிலர் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று எந்தத் தேதியும் யாரும் போடவில்லை. இருந்தாலும் தீர்ப்பு தவறு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தாமதமாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். வந்த பிறகும் பாதி வழியில் அதன் வேகம் குறைந்துவிட்டது.

குறைந்தது விவசாயிகளின் பக்கத்தில். மேற்கொண்டு கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு அமைக்கச் சொன்னார்கள். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 2001 மார்ச்சில் அது 547 ஆலைகள் சேர்ந்து 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. தலைக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாயிரத்தைத் தொடவில்லை. அதுகூட எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆலைக்குக் கெடு வைத்தபோது மூன்று மாதத்தில் சுவர் எழும்பியது. கிணற்றுக்காரர் பங்கு மட்டும் வழக்கு, மேல்முறையீடு என்று நீண்டது.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னார்கள். பேப்பரில் அதைப் படித்தபோது என் கண் முதலில் போனது அந்த ‘ஆறு வாரம்’ மேல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகன் இருந்தார். நிலத்தில் பாதி கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. பேப்பரை அவரும் படித்திருந்தார்.

“ஜனவரி 30-லேர்ந்து ஆறு வாரம்னா எந்தத் தேதி வருது சார்?”

விரல் விட்டு எண்ணி, மார்ச் 13 என்றேன். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைத் தூக்கிப் பிடித்து, மார்ச் 13-ம் தேதித் தாளைத் தேடி, அதன் மூலையை மடக்கி வைத்தார்.